சிறு தமிழ் இதழுக்கு ஹெட்லெஸ் சிஎம்எஸ் அமைப்பது எப்படி?

அச்சில் மாதம் ஒருமுறை வரும் ஓர் அறிவியல் இதழ், அதே கட்டுரைகளை இணையதளம், கைபேசிச் செயலி, மின்னஞ்சல் மடல், வாட்ஸ்அப் சேனல் என நான்கு இடங்களில் வெளியிடுவதாக வைத்துக்கொள்வோம். பெரும்பாலான சிறு இதழ்களில், உதவி ஆசிரியர் ஒருவர் கட்டுரையை வேர்டுபிரஸ்ஸில் ஏற்றிவிட்டு, அதே உரையை மடல் அனுப்பும் சேவையில் ஒருமுறையும் செயலியின் நிர்வாகப் பக்கத்தில் இன்னொரு முறையும் ஒட்டுகிறார். ஒரு வேதிப்பொருளின் பெயர் தவறாக வந்துவிட்டது என்று வாசகர் எழுதினால் இணையதளத்தில் திருத்தம் நடக்கும். செயலியில் பழைய பிழை அப்படியே இருக்கும். ஹெட்லெஸ் சிஎம்எஸ் (சிஎம்எஸ் என்பது கட்டுரை, படம் போன்ற உள்ளடக்கத்தைச் சேமித்து நிர்வகிக்கும் மென்பொருள்) என்னும் அமைப்பு இந்தச் சிக்கலுக்காகவே வந்தது. இவ்வாறான ஓர் இதழுக்கு அதனைப் படிப்படியாக அமைக்கும் முறை இங்கே விளக்கப்படுகிறது.

2003ஆம் ஆண்டு வெளிவந்த வேர்டுபிரஸ் போன்ற வழக்கமான அமைப்புகளில், கட்டுரையைச் சேமிக்கும் பகுதியும் அதை வாசகருக்குப் பக்கமாக வரைந்து காட்டும் பகுதியும் ஒன்றோடொன்று பிணைந்திருக்கும். ஹெட்லெஸ் முறையில் வரைந்து காட்டும் பகுதி இருக்காது. அமைப்பு உள்ளடக்கத்தைச் சேமித்து, ஏபிஐ (ஒரு மென்பொருள் இன்னொன்றிடம் தகவல் கேட்டுப் பெறும் வழி) வழியாக, நிரல்கள் எளிதில் படிக்கும் ஜேசன் என்ற உரை வடிவில் கேட்பவருக்குக் கொடுக்கும். அதை எப்படிக் காட்டுவது என்பதை இணையதளமும் செயலியும் தத்தம் வசதிப்படி முடிவு செய்துகொள்ளும். இந்தச் சிந்தனை புதிதன்று. அமெரிக்காவின் என்பிஆர் வானொலி நிறுவனம் 2008இலேயே தன் உள்ளடக்கத்துக்கு ஏபிஐ திறந்தது. ஒருமுறை உருவாக்கி எங்கும் வெளியிடுவது என்ற அதன் கொள்கையை அங்கு பணியாற்றிய டேனியல் ஜேக்கப்சன் 2009இல் எழுதி விளக்கினார். பின்னர் 2016 டிசம்பரில் வந்த 4.7 பதிப்பிலிருந்து வேர்டுபிரஸ்ஸும் தன் உள்ளடக்கத்தை ரெஸ்ட் என்ற வகை ஏபிஐ வழியாக வழங்கத் தொடங்கியது.

இது உங்களுக்குத் தேவைதானா

உங்கள் இதழுக்கு இணையதளம் மட்டுமே இருந்து, செயலியோ மடலோ தொடங்கும் எண்ணம் அடுத்த ஓரிரு ஆண்டுகளுக்கு இல்லையென்றால், ஹெட்லெஸ் அமைப்பு வேண்டாம். ஒரே தளத்தைப் பராமரிப்பதற்குப் பதிலாக, உள்ளடக்கச் சர்வர் ஒன்று, அதிலிருந்து எடுத்துக் காட்டும் முன்பகுதி ஒன்று என இரண்டைப் பராமரிக்க வேண்டிவரும். நிரலாளர் ஒருவரின் துணை தொடர்ந்து தேவைப்படும். ஆசிரியர் குழுவுக்குப் பக்க வடிவமைப்பைத் தாமே இழுத்து மாற்றிப் பழக்கம் இருந்தால், அந்தச் சுதந்திரம் பறிபோவதாகவே அவர்கள் உணர்வார்கள். ஒரே உரை இரண்டுக்கும் மேற்பட்ட இடங்களில் வெளியாகி, திருத்தங்கள் எல்லா இடங்களுக்கும் போய்ச் சேராமல் நிற்கும் நிலை வந்தபின்தான் இந்தச் செலவுக்கு நியாயம் பிறக்கிறது.

முதலில் உள்ளடக்க அமைப்பைத் தாளில் வரையுங்கள்

எந்த மென்பொருள் என்ற கேள்வியிலிருந்து வேலையைத் தொடங்குவோரே அதிகம். என் கருத்தில் அது பின்னால் வர வேண்டிய கேள்வி. இதழில் என்னென்ன வகை உள்ளடக்கம் உண்டு, ஒவ்வொன்றுக்கும் என்னென்ன புலங்கள் (தலைப்பு, நாள் போன்ற தகவலை நிரப்பும் கட்டங்கள்) தேவை, எது எதனோடு இணைகிறது என்பதைத் தாளில் எழுதி முடித்த பிறகு மென்பொருளைத் தேர்ந்தெடுப்பது ஒரு நாள் வேலை. இதைச் செய்யாமல் இறங்கினால், எந்த மென்பொருளை எடுத்தாலும் ஆறு மாதத்தில் குழப்பமே மிஞ்சும்.

நம் இதழுக்குக் கட்டுரை, எழுத்தாளர், இதழ் எண், துறை என நான்கு வகைகள் போதும். எழுத்தாளரின் பெயரைக் கட்டுரைக்குள் வெறும் உரையாகத் தட்டச்சு செய்யாமல், தனி வகையாக வைத்துக் கட்டுரையோடு இணைக்க வேண்டும். அப்போதுதான் ஒருவர் தம் அறிமுகக் குறிப்பை மாற்றச் சொன்னால், அவர் எழுதிய எல்லாக் கட்டுரைகளிலும் அது ஒரே திருத்தத்தில் மாறும். ஒருவர் பெயரே முன்னெழுத்து இடத்துக்கு இடம் மாறிப் பல ஆட்களாகப் பிரிவதும் நிற்கும்.

கட்டுரை வகைக்குள் தலைப்பு, குறுந்தலைப்பு, சுருக்கம், உடல், முகப்புப் படம், வெளியீட்டு நாள் ஆகிய புலங்களை வையுங்கள். இவற்றில் குறுந்தலைப்புப் புலம் தேவையில்லை என்றே முதலில் தோன்றும். அச்சு இதழுக்கென வைத்த நீண்ட தலைப்பு, கைபேசி அறிவிப்பில் பாதியில் வெட்டுப்பட்டு நிற்பதைப் பார்த்த பிறகுதான் அதன் அருமை தெரியும். அறிவிப்புக்கும் வாட்ஸ்அப் சேனலுக்கும் போக வேண்டிய ஒற்றை வரியை ஆசிரியரே எழுதித் தர இந்தப் புலம் இடமளிக்கிறது. சேனலில் ஒருவர் கையால் ஒட்டுவதாக இருந்தாலும், என்ன ஒட்டுவது என்று அவர் ஒவ்வொரு முறையும் யோசிக்க வேண்டியதில்லை.

இந்தப் புலத்துக்கு நீள வரம்பு வைக்கும்போது தமிழுக்கே உரிய ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். நம் கண்ணுக்கு மூன்று எழுத்தாகத் தெரியும் ‘தமிழ்’ என்ற சொல், யூனிகோடில் த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என ஐந்து குறியீடுகளாகவும், யூடிஎஃப்-8 முறையில் 15 பைட்டுகளாகவும் சேமிக்கப்படுகிறது. சிஎம்எஸ்களில் உள்ள நீள வரம்பு பெரும்பாலும் குறியீடுகளையே எண்ணும். ஆங்கிலத் தளம் ஒன்றின் அமைப்பைப் பார்த்து 40 என்று வைத்தால், ஆசிரியருக்குக் கிடைப்பது மூன்று நான்கு சொற்கள்தாம். குறுஞ்செய்தியும் அனுப்பும் எண்ணம் இருந்தால் கணக்கு இன்னும் இறுக்கம்: ஆங்கிலத்தில் ஒரு செய்திக்கு 160 எழுத்துக்கு இடமிருக்க, தமிழில் 70 குறியீடுகளுக்கே இடமுண்டு. ஆகவே, ஏற்கெனவே வெளிவந்த உங்கள் தலைப்புகளில் சிலவற்றை எடுத்துக் குறியீடுகளை எண்ணிப் பார்த்தபின் வரம்பை வையுங்கள்.

புலங்களுக்குப் பெயர் வைக்கும்போது தோற்றத்தை வைத்துப் பெயரிடாமல் பொருளை வைத்துப் பெயரிடுவது முக்கியம். ‘மஞ்சள் பெட்டி’ என்று ஒரு புலம் இருந்தால், நிறமே இல்லாத குரல்வழிச் செயலி அதை என்ன செய்யும்? அதையே ‘எச்சரிக்கைக் குறிப்பு’ என்று வைத்தால் இணையதளம் மஞ்சள் பெட்டியாகவும், மடல் தடித்த எழுத்திலும், குரல்வழிச் செயலி ‘கவனிக்க’ என்ற முன்சொல்லோடும் அதை வழங்க முடியும்.

கட்டுரையின் உடற்பகுதிக்கும் இதுவே விதி. அனைத்தையும் இணையப் பக்கக் குறிமொழியான எச்டிஎம்எல்லில் ஒரே உரையாக வைத்தால், வேர்டு கோப்பிலிருந்து ஒட்டும்போது வரும் எழுத்துருப் பெயர்களும் நிறக் குறிகளும் உள்ளே புகுந்து, இணையதளம், செயலி, மடல் என எல்லா வாசல்களுக்கும் பரவும். பத்தி, துணைத்தலைப்பு, படம், மேற்கோள், சமன்பாடு, அட்டவணை எனத் துண்டுகளாகச் சேமிக்கும் வசதி இன்றைய ஹெட்லெஸ் அமைப்புகள் பலவற்றில் உண்டு, அதையே பயன்படுத்துங்கள். ஆனால் துண்டு வகைகளை அளவோடு வையுங்கள். ஆறேழு வகைகள் ஓர் இதழுக்குப் போதும். இருபது வகைகளைக் கொடுத்தால் ஆசிரியர்கள் பழகிய மூன்றை மட்டும் பயன்படுத்துவார்கள், மீதியைச் செயலி, மடல் ஆகிய எல்லாவற்றிலும் காட்ட வழிசெய்யும் வேலை நிரலாளர் தலையில் விழும்.

முகப்புப் படத்தோடு மாற்றுரை (படத்தைக் காண முடியாதவருக்கு அதை விவரிக்கும் வரி), படம் எடுத்தவர் பெயர் ஆகிய இரண்டையும் கட்டாயப் புலங்களாக்குங்கள். சானிட்டி, ஸ்டோரிபிளாக் போன்ற அமைப்புகளில் படத்தின் முக்கியப் பகுதி எது என்று குறித்து வைக்கலாம். இணையதளத்தில் அகலமாகவும் செயலியில் சதுரமாகவும் படத்தை வெட்டும்போது விஞ்ஞானியின் தலை வெட்டுப்படாமல் இருக்க இது உதவும்.

மென்பொருள்

மூன்று வழிகள் உண்டு. கன்டென்ட்ஃபுல், சானிட்டி, ஸ்டோரிபிளாக் போன்றவை உள்ளடக்கத்தைத் தம் சர்வரிலேயே வைத்துக் கொடுக்கும் கட்டணச் சேவைகள். பராமரிப்புத் தலைவலி குறைவு. எனினும் பயனர் எண்ணிக்கை, ஏபிஐ அழைப்பு எண்ணிக்கை போன்றவற்றைப் பொறுத்துக் கட்டணம் ஏறக்கூடும் என்பதால் அவற்றின் கட்டணப் பட்டியலை வரி வரியாகப் படிக்க வேண்டும். ஸ்ட்ராப்பி, டைரக்டஸ், பேலோட் போன்றவற்றை உங்கள் சொந்தச் சர்வரில் நிறுவிக்கொள்ளலாம். மூன்றாவதாக, இருக்கும் வேர்டுபிரஸ்ஸையே பின்னணியில் வைத்துக்கொண்டு அதன் ஏபிஐயை மட்டும் பயன்படுத்துவதும் நடைமுறையில் உள்ளது. ஆசிரியர்கள் புதிதாக எதையும் கற்க வேண்டாம் என்பது அதன் பலம். உடற்பகுதி எச்டிஎம்எல் குவியலாகவே வரும் என்பது பலவீனம். கையில் ஒரு நிரலாளரும் குறைந்த பணமும் உள்ள இதழுக்கு ஸ்ட்ராப்பி பொருந்தும் என்பதால், இனிவரும் படிகளை அதை வைத்தே சொல்கிறேன்.

நிறுவுதலும் முதல் தடைகளும்

ஸ்ட்ராப்பி, சர்வரில் ஜாவாஸ்கிரிப்ட் நிரல்களை இயக்கும் நோட் ஜேஎஸ் மீது இயங்குவது. உங்கள் கணினியில் நிறுவினால் எஸ்கியூலைட் தரவுத்தளத்தோடு உடனே வேலை தொடங்கலாம். நேரடிச் சர்வருக்குப் போகும்போது போஸ்ட்கிரஸ் அல்லது மைஎஸ்கியூஎல் வைத்துக்கொள்வது நல்லது. தாளில் வரைந்த வகைகளை அதன் கன்டென்ட்-டைப் பில்டர் பக்கத்தில் ஒவ்வொன்றாக உருவாக்குங்கள். இந்தப் பக்கம் உருவாக்கச் சூழலில் மட்டுமே இயங்கும், நேரடிச் சர்வரில் இயங்காது. வகைகளின் வரையறை கோப்புகளாகச் சேமிக்கப்படுவதால், மாற்றத்தை உங்கள் கணினியில் செய்து, நிரல் கோப்புகளின் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட் என்ற கருவியில் சேர்த்து, பின்னர் சர்வருக்கு அனுப்ப வேண்டும். சற்று நீட்டி வளைத்த வழியாகத் தோன்றினாலும், பரபரப்பான நேரத்தில் யாரோ ஒருவர் ஒரு புலத்தை அழித்துவிடும் விபத்தை இது தடுக்கிறது.

இரண்டு மூன்று கட்டுரைகளை உள்ளிட்டு, ஏபிஐ முகவரியை உலாவியில் திறந்தால் 403 என்ற மறுப்பு வரும். அமைப்பு பழுதாகவில்லை, பொதுப் பயனருக்கு எதையும் படிக்கும் அனுமதி தொடக்கத்தில் தரப்படுவதில்லை. அமைப்புகள் பக்கத்தில் பொதுப் பயனர் என்ற பங்குக்குக் கட்டுரைகளைத் தேடவும் படிக்கவும் மட்டும் அனுமதி கொடுங்கள். உருவாக்குதல், திருத்துதல், அழித்தல் ஆகிய கட்டங்களில் டிக் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, கட்டுரை வரும், எழுத்தாளர் பெயரும் படமும் வராது. இணைக்கப்பட்ட தகவல்களைக் கேட்டால்தான் ஸ்ட்ராப்பி தரும். முகவரியில் பாப்புலேட் என்ற அளவுருவைச் சேர்க்க வேண்டும். அதற்கு நட்சத்திரக் குறி கொடுத்தால் ஒரு நிலை ஆழம் வரையிலான எல்லாமே வந்துவிடும் என்றாலும், அதைப் பழக்கமாக்காமல், முகப்புப் பக்கப் பட்டியலுக்கு என்னென்ன தேவையோ அவற்றை மட்டும் பெயர் சொல்லிக் கேளுங்கள். பட்டியலுக்காகக் கட்டுரையின் முழு உடலையும் இறக்கும் செயலி, சிக்னல் குறைந்த ஊரில் திறக்கவே திறக்காது.

மூன்றாவது தடை சத்தமில்லாமல் வருவது. ஒரு கோரிக்கைக்கு 25 பதிவுகளே இயல்பாகத் திரும்ப வரும். சோதனைக்கு ஐந்தாறு கட்டுரைகளை வைத்துப் பார்க்கும்வரை எல்லாம் சரியாகவே இருக்கும். பழைய இதழ்களை ஏற்றிய பின்புதான் பட்டியல் பாதியில் நிற்பது தெரியும். எல்லையை 100 வரை உயர்த்தலாம். அதற்கும் மேல் வேண்டுமானால் அமைப்புக் கோப்பில் மாற்ற வழியுண்டு என்றாலும், பக்கம் பக்கமாகக் கேட்டு வாங்குவதே முறை.

படங்கள் இயல்பாகச் சர்வரின் வட்டிலேயே சேமிக்கப்படும். ஒவ்வொரு புதுப்பிப்பின்போதும் வட்டைத் துடைத்துப் புதிதாகத் தொடங்கும் ஹோஸ்டிங் சேவைகளில் இது பெரும் ஆபத்து, நேற்று ஏற்றிய படங்கள் இன்று இருக்காது. அமேசான் எஸ்3, கிளவுடினரி போன்ற வெளிச் சேமிப்பை முதல் நாளிலேயே இணைத்துவிடுங்கள்.

வாசல்கள்

இணையதளத்துக்கு ஆஸ்ட்ரோ, நெக்ஸ்ட் ஜேஎஸ் ஆகிய தளம் கட்டும் கருவிகள் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம். மாத இதழ் என்பதால், பக்கங்களை முன்கூட்டியே உருவாக்கி நிலையான கோப்புகளாக வைக்கும் முறையே சிறந்தது. கட்டுரை வெளியானதும் ஸ்ட்ராப்பி ஒரு வெப்ஹூக் (மாற்றம் நடந்ததை இன்னொரு சேவைக்குத் தானாகத் தெரிவிக்கும் செய்தி) அனுப்பும். அதைப் பெற்ற ஹோஸ்டிங் சேவை தளத்தைப் புதிதாகக் கட்டும். வெளியிடுதல், திருத்துதல், வெளியீட்டைத் திரும்பப் பெறுதல் ஆகிய மூன்றுக்கும் வெப்ஹூக்கை அமையுங்கள். மூன்றாவது பெரும்பாலும் மறந்துபோகும். அதனால் திரும்பப் பெற்ற கட்டுரை தளத்தில் தொடர்ந்து நிற்கும். எழுத்தாளர் குறிப்பு மாறினாலும் தளம் மீண்டும் கட்டப்பட வேண்டும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

செயலிக்கு வேறொரு கட்டுப்பாடு உண்டு. இணையதளத்தை மாற்றினால் அடுத்த நிமிடமே எல்லோரும் புதியதைக் காண்பர்; செயலியின் பழைய பதிப்போ சிலரது கைபேசியில் ஆண்டுக்கணக்கில் இருக்கும். சுருக்கம் என்ற புலத்தின் பெயரை முன்னுரை என்று மாற்றிய அன்றே அந்தப் பழைய செயலிகளில் வெற்றிடம் தோன்றும். ஆகவே, செயலி வெளிவந்த பிறகு புலங்களைச் சேர்க்கலாம், இருப்பதன் பெயரை மாற்றவோ நீக்கவோ கூடாது என்பதை எழுதப்பட்ட விதியாகவே வையுங்கள்.

மின்னஞ்சல் மடலில் முழுக் கட்டுரையையும் அனுப்பும் ஆசையைத் தவிர்க்கவும். மடலின் எச்டிஎம்எல் அளவு 102 கிலோபைட்டைத் தாண்டினால் ஜிமெயில் அதை வெட்டிவிட்டு, முழுவதையும் காண ஓர் இணைப்பை வைத்துவிடும். தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் மூன்று பைட் என்பதால், ஆங்கில மடலைவிட வெகு விரைவில் அந்த வரம்பை நாம் எட்டிவிடுவோம். தலைப்பு, சுருக்கம், படம், இணைப்பு ஆகிய நான்கையும் ஏபிஐயிலிருந்து எடுத்து மடலை நிரப்பினால் போதும்.

முன்தோற்றம் இல்லாமல் ஆசிரியர்களிடம் கொடுக்காதீர்கள்

இந்த அமைப்புக்கு மாறும் இதழ்களில் எழும் முதல் முணுமுணுப்பு, வெளியிடுவதற்கு முன் கட்டுரை எப்படி இருக்கும் என்று பார்க்க முடியவில்லை என்பதுதான். அது முற்றிலும் நியாயமான குறை. வரைவுகளையும் படிக்கக்கூடிய ஒரு மறைமுக முன்தோற்றத் தளத்தை அமைத்து, ஸ்ட்ராப்பியின் திருத்தப் பக்கத்திலிருந்தே அதைத் திறக்கும் பொத்தானைக் கொடுங்கள். கைபேசித் திரை அளவிலும் அறிவிப்பு வடிவிலும் அதே கட்டுரையைக் காட்ட முடிந்தால், குறுந்தலைப்பை ஆசிரியர்கள் தாமாகவே கவனமாக எழுதத் தொடங்குவார்கள். வரைவுகளைப் படிக்க அனுமதிக்கும் இரகசியச் சாவியான டோக்கனைச் சர்வர் பக்கத்தில் மட்டும் வையுங்கள். செயலிக்குள் வைத்தால், செயலியைப் பிரித்துப் பார்க்கத் தெரிந்த எவரும் அடுத்த இதழை இன்றே படித்துவிடலாம்.

பழைய இதழ்களைக் கொண்டுவருதல்

பேஜ்மேக்கரில் பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் வடிவமைத்த இதழ்கள் இருந்தால், அவற்றை யூனிகோடுக்கு மாற்றிய பின்னரே ஏற்ற முடியும். மாற்றும் கருவிகள் பல உண்டு. ஆனால் அவை தரும் உரையைக் கண்ணால் பார்த்து மட்டும் ஏற்காதீர்கள். ஒகரக் குறி ஒரே குறியீடாகவும் இருக்கலாம், ஒற்றைக் கொம்பும் காலுமாக இரண்டு குறியீடுகளாகவும் இருக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலத் தெரிந்தாலும் தேடலில் ஒன்று கிடைக்கும், மற்றது கிடைக்காது. இவ்வாறான இரு வடிவங்களை ஒன்றாக்கும் யூனிகோடின் என்எஃப்சி ஒழுங்குபடுத்தலை ஏற்றும் நிரலில் ஒருமுறை சேர்த்தால் இது தீரும். அதனால் தீராதது ஔகாரக் குறி. ‘கௌரவம்’ என்பதைக் கொம்பும் ளகரமுமாக ‘கெளரவம்’ என்று அடித்த உரை ஆயிரக்கணக்கில் உண்டு. எந்த ஒழுங்குபடுத்தலும் இதைப் பிடிக்காது. கௌதமன், பௌதிகம், மௌனம், சௌரம் எனச் சொற்பட்டியல் வைத்துத் தேடி மாற்ற வேண்டும். ‘பௌதிகம்’ அடிக்கடி வரும் அறிவியல் இதழுக்கு இது சிறிய வேலையன்று.

இணைய முகவரியின் கடைசிப் பகுதியான ஸ்லக்கை உரோமன் எழுத்துகளில் ஆசிரியரே கையால் எழுதுவதை நான் பரிந்துரைப்பேன். தமிழில் வைத்தால் ஒவ்வொரு குறியீடும் விழுக்காட்டுக் குறிகளோடு ஒன்பது எழுத்தாக விரியும். வேர்டுபிரஸ் ஸ்லக்குக்கு 200 எழுத்து வரம்பு வைத்திருப்பதால், சுமார் 22 குறியீடுகளோடு முகவரி துண்டிக்கப்பட்டிருப்பதைப் பல தமிழ்த் தளங்களில் காணலாம். பழைய தளத்தின் அந்த அரைகுறை முகவரிகளை ஒரு பட்டியலாக எடுத்து, ஒவ்வொன்றையும் புதிய முகவரிக்கு 301 எனப்படும் நிரந்தரத் திருப்பலாக இணைக்க வேண்டும். தலைப்பிலிருந்து முகவரியை ஊகித்து நிரல் எழுதினால் வெட்டுப்பட்டவை எல்லாம் தவறிப்போகும். தரவுத்தளத்தில் உள்ளதை உள்ளபடியே எடுப்பதே சரி.

நேரடியாகத் திறப்பதற்கு முன், தரவுத்தளத்தின் காப்புப் பிரதியை வேறொரு கணினியில் மீட்டெடுத்து, அதிலிருந்து தளம் முழுவதும் கட்டப்படுகிறதா, படங்கள் வருகின்றனவா என்று பாருங்கள். படங்கள் தனிச் சேமிப்பில் இருப்பதால் தரவுத்தளப் பிரதியில் அவை அடங்கா. அவற்றுக்குத் தனியாகப் பிரதி எடுக்க வேண்டும். பழைய வேர்டுபிரஸ் தளத்தை வெளியார் காணாதபடி ஓர் உள்முகவரியில் சில மாதங்கள் இயங்க விட்டு, கிடைக்காத பக்கங்களைப் பற்றிய 404 பதிவுகள் சர்வரில் அடங்கிய பின்னர் நிறுத்திக்கொள்ளலாம்.